ரொட்டி வண்டி

ஆறு வருசம் ரொட்டி சுமந்த வேன்.
இப்போது உள்ளே நான் படுக்கிறேன்.
ஈரக்காற்றடித்தால் இன்னும் ஈஸ்ட் வாசம் கிளம்பும்.
எறும்புகளுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை.

குமாரபாளையம், பள்ளிக்கூட மைதானம்.
கலைமகள் வீதியில் காவேரி இடுப்பளவு.
மேட்டூரில் இன்னும் திறந்துதான் விட்டிருக்கிறார்கள்.

தலைமாட்டில் பிளீச்சிங் பவுடர் மூட்டை,
கால்மாட்டில் நாப்கின் பெட்டி, பாய்க்கட்டு.
காலை நீட்ட வேண்டுமென்றால்
நாற்பது பாயாவது கொடுத்து முடிக்க வேண்டும்.
நேற்று முடித்தேன். நீட்டினேன்.
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வண்டிக் கூரையில் வெயிலுக்குக் காய்கிறது
பழனாத்தாளின் தறி மோட்டார்.
தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்,
"இதைய மட்டும் பாத்துக்க கண்ணு" என்று
மோட்டாரை என்னிடம் விட்டுப்போனாள்.

இரவெல்லாம் என் பேட்டரியில்
பதினேழு செல்போன்கள் சார்ஜ் ஏறும்,
பேர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு.
விடிகாலை ஒன்று அடித்தது.
நின்றது. அடித்தது.
எடுத்தேன்.

குழுக்கடன்காரப் பையன். இன்றைக்குத் தவணையாம்.
"அக்கா முகாம்ல தூங்குதுங்க. ஊட்டுக்குள்ள தண்ணி."
"எப்பங்க வடியும்?"
அதட்டல் இல்லை, நிசமாகவே கேட்கிறான்.
"நீங்க எங்கிருந்து பேசறீங்க?"
"பள்ளிபாளையமுங்.
எங்க வாசப்படியிலயும் ஏறிருச்சுங்."

நோட்டை எடுத்தேன்.
எந்த வீதி, எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா.
"நானும் அப்பனுந்தானுங்."
ரெண்டு பாயைத் தனியே எடுத்து வைத்தேன்.

வைப்பதற்கு முன்
தவணையையும் ஒருதரம் ஞாபகப்படுத்தினான்.