பன்னிரண்டு பாகை

பின்லாந்தின் கிழக்கோரம், லியெக்சா.
தூண்டிலும் ரம்பமும் கம்பளிக் காலுறையும் விற்கிற
உர்போவின் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு திசைகாட்டிகள்.
எல்லாவற்றையும் வெளியே எடுங்கள் என்றாள் ஹெல்கா.

ஒன்றுக்கு மடக்குக் கண்ணாடி.
ஒன்றுக்குச் சரிவை அளக்கத் தனி முள், உருப்பெருக்கி,
இருட்டில் ஒளிரும் எண்கள்.
ஒன்று பித்தளை. மூடியைத் திறந்தால்
கப்பல் தலைவனுக்கு வந்த கல்யாணப் பரிசு மாதிரி.
"கனக்கிறதே."
"கனம் இருந்தால்தான் நம்பலாம்" என்றார் உர்போ.
அவள் பேருந்து ஓட்டுகிறவள்.
கனத்தைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

மேசைமேல் தள்ளித் தள்ளி வைத்தாள்.
முட்கள் நடுங்கின, தயங்கின,
ஒவ்வொன்றாக நின்றன
கல்லாப்பெட்டியைப் பார்த்து.
"உங்கள் கடைக்கு வடக்கு அங்கேதான் போல."
உர்போ சிரிக்கவில்லை.
இரும்பு இழுப்பறை, என்றார்.

ஏழையும் அள்ளிக்கொண்டு வெளியே போனாள்.
தூறல்.
கார்களைத் தாண்டி, கொடிக்கம்பத்தைத் தாண்டி,
சாவிக்கொத்தையும் கைபேசியையும் அவரிடம் கொடுத்துவிட்டு
நகராட்சிப் புல்தரையில் குந்தி
முழத்துக்கு ஒன்றாகப் பரப்பினாள்.
ஆறு முட்கள் ஒரே பேச்சு.
பித்தளை மட்டும் நேரெதிர்.
கோடை முழுக்க ஒலிபெருக்கிப் பக்கத்தில் கிடந்தது என்றார்,
மகனின் மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்கிறவர் போல.

போன செப்டம்பரில்
அவள் மணிக்கட்டில் இருந்தது அரை மாதச் சம்பளக் கடிகாரம்.
லிங்கன்பெர்ரி பறிக்கப் போன காட்டுக்குள்
அது புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டது,
கேட்டபடியே அணைந்தது.
பைன், பைன், பிர்ச், பைன்.
வாளியை வைத்துவிட்டு வழி தேடப் போனவள்
இரண்டு மணி நேரம் நேராக, மிக நேராக நடந்து
ஒரு நீல வாளியைக் கண்டாள்.
ஆள் இருக்கிறது என்று கத்திக் கூப்பிடக்கூடச் செய்தாள்.
வாளி நிறையப் பழம்.
கைப்பிடியில் அவளே சுற்றிய தையல்நாடா.

வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்கிற மொழியில்
இதை எழுதுகிறேன்.
இம்மொழியில் வடக்கிருந்தவர்கள்
எழுந்து வருவதற்காக உட்காரவில்லை.
ஹெல்காவுக்கு வடக்கு தேவைப்பட்டது
இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப.

குமிழி விழுந்த இரண்டை உர்போவிடம் நீட்டினாள்.
கையுறை போட்ட விரலால் வளையத்தைத் திருகினாள்;
அடம்பிடித்தவையும் திரும்பிப் போயின.
மிஞ்சியது
பள்ளிப் பிள்ளைகள் வாங்குகிறது:
ஒளி ஊடுருவும் தகடு, ஓரத்தில் அளவுகோல்,
எண்ணெயில் மிதக்கும் சிவப்பு முள்,
கழுத்தில் மாட்ட ஆரஞ்சுக் கயிறு.
இதுதான் இருப்பதிலேயே மலிவு என்றார், கொஞ்சம் வருத்தமாக.

மிச்சம் சில்லறை எண்ணும்போது சொன்னார்:
"எந்த விலைக்கு வாங்கினாலும் ஒன்று.
இந்தப் பக்கம் முள் பொய் சொல்லும்.
பன்னிரண்டு பாகை, கிழக்கே தள்ளி."
"எவ்வளவு பொய் என்று தெரிகிறதில்லையா?"
பணிமனைக் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தும்.
பத்தொன்பது வருடமாக
அதைப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறாள்.

ஞாயிறு.
மரமேற்றும் மண்சாலை ஓரத்தில் கார்.
வாளி நிறைந்ததும் வரைபடத்தின்மேல் தகட்டை வைத்து
வளையத்தைத் திருப்பி,
பன்னிரண்டைச் சரிக்கட்டி,
அப்புறம் காருக்கு நேராகக் குறிவைக்கவில்லை.
நேராக வைத்துச் சற்றே பிசகினால்
சாலையில் நின்று வலமா இடமா என்று விழிக்க வேண்டும்.
வேண்டுமென்றே இடப்பக்கம் கொஞ்சம் பிழைத்தாள்.

பாசி. சதுப்பு. முழங்கால் வரை ஈரம்.
பிறகு சாலை.
இரண்டு பக்கமும் காரைக் காணோம்.

வாளியைக் கை மாற்றிக்கொண்டு
யோசிக்காமல்
வலப்பக்கம் திரும்பி நடந்தாள்.