உருப்படி

எம்எல்ஏ விடுதிக்குப் பின்வாசலில்
பதினாறு வருஷமாய் என் தள்ளுவண்டி.
சிக்கமரிகௌடர் சட்டையென்றால் கையிலெடுத்ததும் தெரியும்:
காலரில் செம்மண், பையில் சீட்டுகள்.
விதவைப் பென்ஷன், போர்வெல், வாத்தியாருக்கு மாற்றல்.
எடுத்துக் கல்லுக்கடியில் வைத்துவிட்டுத்தான் தேய்ப்பேன்.

முதல் தேர்தலில் ஆடு விற்றுக் கட்டிய டெபாசிட்
போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.
மூன்றாவதில் ஜெயித்தார்.
கார் வந்தது, மச்சான் வந்தான்,
என் நோட்டில் பாக்கி ஏறியது.
நல்லவரென்று நான் சாட்சி சொல்லவில்லை.

அந்த வியாழன் பையில் ஒரே சீட்டு.
கன்னடம் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்.
ஏரி மண். பதினோரு லாரி நம்பர்.
அடியில் மச்சான் பெயர், இரண்டு கோடு போட்டு.
வியர்வையில் சுருண்டிருந்தது,
அதையும் ஓர் இழுப்பு தேய்த்து
மேல் சட்டையின் மேலேயே வைத்துக் கொடுத்தேன்,
துணி வாங்க வந்த மச்சானிடம்.

சனிக்கிழமை ராத்திரி, கனகபுரா ரோடு.
பேப்பர் படத்தில்
முழங்கை வரைக்கும்தான் ரத்தம்.
தோளில் என் மடிப்பு
அப்படியே நிற்கிறது.

போலீஸ்காரர் வந்து கேட்டார்,
கடைசியாய்ப் போனது எத்தனை உருப்படி?

எட்டு என்றேன்.
சீட்டை நாங்கள்
உருப்படியில் சேர்ப்பதில்லை.