பாலையடிச் சந்தியில் பஸ் நிற்பதில்லை

முதல் மனுவை எழுதினவள் நான்.
"மழை காணா வயல்போல
வழி பார்த்து நிற்கின்றோம்" என்று தொடங்கினேன்.
ஆறு உவமை. மூன்று "ஐயகோ".
முடிவில் ஒரு கண்ணீர்த்துளி,
அதையும் மையால்தான் விட்டிருந்தேன்.
டிப்போவில் வாசித்தவர்
"வடிவான கையெழுத்து" என்றாராம்.
அடுத்த நாளும் பஸ்
எங்கள் வெள்ளைச் சட்டையில் புழுதியை இறைத்துவிட்டு
வவுனிக்குளம் பக்கம் போனது.

இரண்டாவதைக் கஜிதரன் எழுதினான்.
அது மனுவே இல்லை, கணக்குக் கொப்பி.

தை 8: நிற்கவில்லை. ஏழு பேர்.
தை 9: நிற்கவில்லை. ஏழு பேர். மழை.
தை 10: நின்றது. சாரதி வேறு ஆள்.
தை 11: நிற்கவில்லை. ஐந்து பேர்.
மற்ற இரண்டு பேரும் படிப்பை விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.
கீழே ஐந்து கையொப்பம்,
ஒன்று கோணல், முழங்காலில் வைத்துப் போட்டது.

திங்கட்கிழமை பஸ் நின்றது.
நான் ஏறினேன், கோபத்தோடு.

மாங்குளம் றோட்டுக் குலுக்கலில்
யோசித்துக்கொண்டே போனேன்.
என் மனு முழுக்க நான்தான் நின்றேன்.
டிப்போக்காரருக்கு அதில்
ஒரு கதிரைகூட நான் போடவில்லை.
அவனுடைய கொப்பியில் அவர்
வந்திருந்து, எண்ணிப் பார்த்து,
அந்தக் கடைசி வரியில்
தன்பாட்டில் வெட்கப்பட்டிருக்கலாம்.

பங்குனியில் கதை எழுதச் சொன்னார்கள்.
அவன் எழுதினது யானை வந்த இரவை.
அந்த யானையை ஊருக்கே தெரியும்,
எங்கள் வாழையிலும் அது கணக்குத் தீர்த்ததுதான்.
ஆனால் கதையில் முதலில் யானை இல்லை.
நெல்மூட்டையடியில் விழுந்து
அணையாமல் கிடக்கிற ஒரு டோர்ச் லைட்.
வெளிச்சம் நிலத்தோடு ஊர்ந்து போய்ச்
சுவரில் புதிதாக ஒரு ஓட்டையைக் காட்டுகிறது.
ஓட்டை மூச்சு விடுகிறது.
என் குதிக்கால் குளிர்ந்தது.

அதற்கு விமர்சனம் எழுத வேண்டியவள் நான்.
ஆளுக்கொரு கதை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில்
எனக்கு விழுந்தது அவன்.
"அருமை" என்று எழுதினேன்.
அது கலியாண வாசலில் தெளிக்கிற பன்னீர்,
வந்தவர் ஆரென்று பாராது.
வெட்டினேன்.
"வர்ணனை போதாது" என்றேன்.
அது தை மாதத்துக் கோபம்.
அதையும் வெட்டினேன்.

மூன்றாம் தரம் வாசிக்கையில்தான் பிடிபட்டது.
யானை போன பிறகு தாய்
ஐந்து கோப்பையில் தேத்தண்ணி ஊற்றுகிறா.
கதையில், அந்த வீட்டில்
நாலு பேர்தான் இருக்கிறார்கள்.

பஸ்ஸுக்கு நின்றவர்களையே
நாள் தவறாமல் எண்ணினவன்
கோப்பையைப் பிழையாக எண்ணமாட்டான்.

ஆகவே இப்படி எழுதினேன்:
"மூன்றாம் பக்கத்தில் ஒரு கோப்பை கூடுதலாக இருக்கிறது.
அது ஆருக்கென்று ஆசிரியர் சொல்லவில்லை.
சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை.
ஆனால் அவர் அதை விட்டுவிட்டு
மிக வேகமாக யானையிடம் திரும்பி ஓடுகிறார்."

வாசித்துவிட்டு இரண்டு நாள்
அவன் என்னோடு கதைக்கவில்லை.
மூன்றாம் நாள் சந்தியில் தாளை நீட்டினான்.
ஓட்டம் அப்படியே இருந்தது.
நடுவில் ஒரு வரி மட்டும் புதிது:
"ஐந்தாவது ஆறிப்போனது. ஆரும் தொடவில்லை."

போட்டியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.
ழகர ளகரத்தில் எட்டுப் பிழை.
என் விமர்சனத்துக்கு இருபதுக்குப் பன்னிரண்டு.
"முடிவுரை எங்கே?" என்று
சிவப்பு மையில் கேட்டிருந்தது.

புதுவருசம் கழிந்து
சாரதி மறுபடி மாறினார்.
இன்றைக்குக் காலையில் பஸ்
எங்களைக் கண்டும் வேகம் குறைக்காமல் போக,
கஜிதரன் கொப்பியை என்னிடம் தந்தான்.
கையில் ஐஸ்பழம், அவனால் எழுத ஏலாதாம்.

முழங்காலில் வைத்து எழுதினேன்:
சித்திரை 28. நிற்கவில்லை. நாலு பேர்.