ஆதரவு உண்டு

புதுவயலில், அறந்தாங்கி சாலையில், ஓர் அரிசி ஆலை.
நெல் அவிந்த வாடை
சட்டைப் பையில் இருக்கும் பேனா வரைக்கும் ஏறிவிட்டது.
தவிட்டு மூட்டை மேல் மடிக்கணினி.
சீட்டுக்கட்டு அளவுப் பலகை ஒன்றின்
கையேட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

மாசியில் நான் எழுதிய பதிப்பில் ஒரே வரி:
"இந்தப் பலகையில் நிகழ்நேர இயங்குதளத்துக்கு ஆதரவு உண்டு."
எத்தனை நிம்மதியான வாக்கியம்.
காரைக்குடி அறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து
ஒரு சிவப்பு விளக்கை எரித்தும் அணைத்தும் பார்த்துவிட்டு
எழுதினேன் அதை.
விளக்கு தாமதமாய் எரிந்தால் யார் கேட்கப் போகிறார்கள்.

ஆனியில் காங்கேயத்திலிருந்து போன்.
குழந்தைவேலு என்றார். திட்டவில்லை.
"நீங்க எழுதுனத நம்பித்தானுங்க பலகைய மாத்துனோம்."
அப்புறம் ஓர் எண் சொன்னார்: நாற்பது மூட்டை.
கறுப்பை ஊதித் தள்ள வேண்டிய இயந்திரம்
அடுத்து வந்த வெள்ளையைத் தள்ளியிருக்கிறது.

கறுப்பு என்றால் கவுனி அல்ல;
பூச்சி கடித்துப் பொட்டு விழுந்தது.
அரிசி சரிவில் இறங்குகிறது.
கேமரா பார்க்கிறது.
நான்கு மில்லிநொடி கழித்துக் குழாய் வாய் திறந்து
ஊத வேண்டும்,
அந்த ஒன்றை மட்டும்.
பிந்தினாலும் விடை சரிதான்,
இலை எடுத்த பிறகு வந்த பாயசம்.

ஆகவே இங்கே வந்தேன்.
அதே பலகையை மாட்டிப்
பத்து லட்சம் முறை அளந்தேன்.
பன்னிரண்டு மைக்ரோநொடி, பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு,
எங்கோ ஒன்று
ஆறாயிரம்.
சராசரி போட்டால் தெரியாது.
சராசரி விழுங்கும், ஏப்பமும் விடாது.

மூன்று இரவு தேடினேன்.
கர்னலைச் சந்தேகித்தேன். திரை இயக்கியைப் பிடுங்கினேன்.
அளக்கிற கருவியையே சந்தேகித்தேன்.
சல்லடைப் பக்கம் நிற்கும் சகாயராணி
எவர்சில்வர் தட்டில் ஒரு கை அரிசி அள்ளிக்
கறுப்பை எண்ணிக்கொண்டே சொன்னாள்:
"உமி மோட்டார் போடுறப்பதான் வருது. அப்பவே பாத்தேன்.
நீங்க கேக்கல."

உண்மை. கேட்கவில்லை.

மோட்டார் கிளம்புகிறது, மின்னழுத்தம் குனிகிறது,
பலகை தன் உயிரைப் பிடித்துக்கொண்டு
வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது,
யாரிடமும் சொல்லாமல்,
வட்டி கட்ட முடியாதவன் தெரு மாறிப் போவது போல.

இப்போது அந்த ஒரு வரி
இரண்டரைப் பக்கம் ஆகிவிட்டது.
சீரியல் போர்ட்: வேலை செய்கிறது.
டைமர்: வேலை செய்கிறது, தனி மின்வழங்கி இருந்தால்.
"இருந்தால்" என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன்.
வைஃபை: சோதிக்கப்படவில்லை.
அந்தக் கட்டத்திலும் ஓர் "உண்டு" போட
விரல் எப்படித் துடித்தது என்று எழுதக்
கையேட்டில் இடமில்லை.

"என் பேரப் போட்டுராதீங்க" என்றாள் சகாயராணி.
அந்த மூன்று இரவும் வருகைப் பதிவில் அவளுக்கு விடுப்பு;
கூலி மட்டும் கையில் வந்தது, கணக்கில் வராமல்.
ஆக, கண்டறிந்தவர் என்ற இடத்தில்
ச. என்று ஓர் எழுத்து, ஒரு புள்ளி.

குழந்தைவேலுவுக்கு அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது.
பதில் இல்லை.

மணி மூன்றே கால். தனி மின்வழங்கி மாட்டியாயிற்று.
உமி மோட்டார் உறுமுகிறது; டியூப் லைட் ஒரு தரம்
கண்ணை மூடித் திறக்கிறது.
திரையில் பன்னிரண்டு, பதினொன்று, பன்னிரண்டு.
சகாயராணி தட்டை நீட்டுகிறாள்.
வெள்ளைக்கு நடுவில் ஒன்று.

"இது எதனால வந்துச்சு?"

தெரியாது.
தேதி போட்டு அதையும் எழுதுகிறேன்.