எனக்கு வராத சொல்

பேச்சுப் பயிற்சி என் தொழில்.
ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு, வீடு வீடாக.
'ர' வராத பிள்ளைகளுக்கு
நாக்கை எங்கே தொடுவதென்று காட்டுவேன்.
எனக்கே வராத சொல் ஒன்றுண்டு:
இருநூறு.

"எவ்வளவுங்க?" என்றால்
"பார்த்துக் கொடுங்க" என்றுவிடும் வாய்.
பார்த்தார்கள், கொடுத்தார்கள்:
ஒரு டப்பா பிரியாணி, நிறைய துஆ,
"நீங்க எங்க வீட்டுப் பொண்ணு."

லைசென்ஸ் புதுப்பிக்கும் கவுண்டரில்
எந்த வீட்டுப் பொண்ணு என்று யாரும் கேட்கவில்லை.
சாலிக் கேட்டோ போகவர
கூச்சமே இல்லாமல் தன் பங்கை எடுத்துக்கொண்டது.

நேற்று பார்க்கிங்கில், ஏசியை அணைக்காமல்,
காரின் கண்ணாடியைப் பார்த்துப் பழகினேன்.
இருநூறு. இருநூறு.
ஆறாம் தடவை
குரல் உடையவில்லை.

பதினோராம் மாடி.
தன் பெயரையே 'லயீஸ்' என்ற பையன்.
வாசலில் அவன் அம்மா ஷமீலா கேட்டார்.
சொன்னேன்.

பிறகு அந்த மௌனம்.
அதை நிரப்பத்தான் இத்தனை நாள்
தள்ளுபடி தந்துகொண்டிருந்தேன்.
பிள்ளைகளுக்குச் சொல்வதை எனக்கும் சொன்னேன்:
பொறு. இது அடுத்தவர் முறை.

ரயீஸ்தான் முதலில் வாய் திறந்தான்.
"இருநூறு."
துளியும் லகரம் கலக்காத ரகரம்.

"ரசீது தருவீங்களா?" என்றார் ஷமீலா.

ரசீதுப் புத்தகம்
இனிமேல்தான் வாங்கவேண்டும்.