இரண்டு நூல்

பகலில் பல் செட் செய்கிறேன், குல்டீகாவில்.
முகம் தெரியாத ஒருவரின் ஈறு அச்சுக்கு
மயிரிழை கூடாமல் குறையாமல்.
ராத்திரிக் கொட்டகையில்
ஒரு நூல் இரண்டு நூல் பிசகினாலும்
கேட்க ஆளில்லை என்றுதான்
இதில் இறங்கினேன்.

ஜாவா, பன்றிப் பண்ணைக்காரர் ஒருவரிடம் வாங்கியது.
டேங்கில் துருவும் செத்த சுண்டெலி ஒன்றும்
இலவசம்.
சைடுகார் வாங்கக் காசில்லை.
வென்டா ஆற்றோரம் கவிழ்ந்து கிடந்த படகின்
முன்பாதியை அறுத்து எடுத்துவந்தேன்
(பின்பாதி கோழிகளுக்கு என்றார் படகுக்காரர்).
அன்றிலிருந்து ஊர் கேட்கிறது,
விஸ்மா, இது தண்ணீரில் போகுமா?
முதலில் ரோட்டில் போகட்டும்.

ஜனவரி. கையுறை இல்லாமல் தொட்டால்
ஸ்பேனர் தோலைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.
பூர்ச்ச விறகு அடுப்பில் வெடிக்க
மூன்று இணைப்புக் கம்பிகளை வெல்டு வைத்தேன்,
சூட்டில் முறுக்கிக்கொண்டன,
அறுத்தேன், மறுபடி வைத்தேன்.
இருக்கை, மூடிய சினிமா கொட்டகையின் நாற்காலி.
எண் பதினேழு. அதைச் சுரண்ட மனம் வரவில்லை.

ஏப்ரலில் வெளியே எடுத்தபோதுதான் தெரிந்தது
எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.
இருபது வருடம் சாய்ந்தே திரும்பியவள்.
மூன்றாவது சக்கரம் வந்தபின் சாய்வதற்கில்லை.
மாடிப்படி முக்கில் பீரோவைத் திருப்புவதுபோல்
மல்லுக்கட்ட வேண்டும்.
இடது வளைவு பரவாயில்லை.
வலது வளைவில்
ஆளில்லாத பெட்டி எழுந்து நிற்கிறது,
யாருக்கோ மரியாதை கொடுக்கிற மாதிரி.

பதினேழாம் எண் இருக்கையில்
நாலு மணல் மூட்டை போட்டேன்.
வண்டி அடங்கியது.
உட்கார ஆள் யார் என்று
கட்டும்போது ஒரு தடவைகூட யோசிக்கவில்லை,
சத்தியமாக.

வாகன ஆய்வாளர் ஓயார்ஸ்
முதல் முறை விளக்கில் குறை சொன்னார்.
இரண்டாம் முறை, ஒரு போல்ட்டின் மரை.
மூன்றாம் முறை மூட்டைகளைக் காட்டி
"இருக்கை என்று எழுதியிருக்கிறீர்கள்.
மணல் ஆளாகாது."
குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார்.
சுற்றிப் பார்த்தார், கோப்பை ஜன்னலில் வைத்தார்,
முழங்கால் மோவாயில் இடிக்க
தானே ஏறி உட்கார்ந்தார்.

பின்கட்டு மைதானம், சரளைக்கல்.
படபடப்பில் வலது வளைவை வேகமாக எடுத்துவிட்டேன்.
பெட்டி எழுந்தது.
ஐயோ என்று நான் வாயைத் திறக்குமுன்
மனிதர் வெளியே இருந்தார்:
ஒரு கை கம்பியில்,
இடுப்பு விளிம்பைத் தாண்டி,
முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சாண்,
டை காற்றில்.
சக்கரம் தரை தொட்டது.
அடுத்தது இடது. நான் சொல்லவில்லை.
என் பின்சக்கரத்தின் மேல் வந்து குனிந்துவிட்டார்,
காதருகே மூச்சு,
மிளகுக்கீரை மிட்டாய் வாசனை.

நிறுத்தியபோது சட்டை முழுக்கப் புழுதி.
"எழுபத்தொன்பதிலிருந்து நாலு வருடம்," என்றார்,
"மண்ணோட்டப் பந்தயம். சைடுகாரில் தொங்குகிற ஆள்."
கொஞ்ச நேரம் கழித்து,
"ஹேண்டிலைத் தொட்டதே இல்லை.
வண்டி ஓட்டத் தெரியாது எனக்கு."

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
நீளக் கட்டையும் நாடாவும் வைத்து அளந்தார்.
பெட்டிச் சக்கரம் முன்பக்கம்
இரண்டு நூல் வெளியே பார்க்கிறதாம்.
தேறவில்லை.
மறுபடி வர வேண்டிய நாள் என்ற கட்டத்தில்
வியாழன் என்று எழுதினார்.
வியாழன் அந்த அலுவலகம் விடுமுறை.
வாசல் பலகையிலேயே போட்டிருக்கிறது.

இன்று புதன் ராத்திரி.
மூட்டைகளை இறக்கிவிட்டேன்.
மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு
ஒரு நூல் சரிசெய்துவிட்டேன்.
மற்றதைப் பற்றி
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.