மூடுபனிக்கு எத்தனை மில்லிமீட்டர்

கலர் பாட்டிலை ஆக்சா பிளேடால் அறுத்தோம்.
தலையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தால் புனல்.
அடி மேடும் பள்ளமுமாக இருந்ததால்
கூழாங்கல் பொறுக்கிப் போட்டு
கல் முங்கத் தண்ணீர் ஊற்றி
அங்கே ஒரு கோடு.
அதுதான் சுழியம் என்றேன்.
"தண்ணி இருக்குதே டீச்சர், அப்புறம் எப்படிச் சுழியம்?"
மூன்றாம் வகுப்பு பவதாரணி.
இங்கிருந்துதான் எண்ணப் போகிறோம் என்று
ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.
அவள் நம்பவில்லை.

நாகலூர் தாண்டி, டவர் கிடைக்காத திருப்பத்தில் பள்ளி.
ஐந்து வகுப்பு, ஓர் அறை,
பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு நாய்.
சேலத்தில் முதல் பேருந்தைப் பிடித்து
இருபது கொண்டை ஊசி வளைவையும்
வயிற்றில் சுருட்டிக்கொண்டு நான் வருவதற்குள்
உப்புமாத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
பாட்டிலைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள்.
கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்கவேண்டுமென்று
சேற்றில் கன்னம் பதியப் படுத்தே அளவெடுப்பான் சடையன்.
எழுந்தால் அவன் முகத்திலும் ஒரு கோடு.

பதினான்கு. ஆறு.
முப்பத்தொன்று, அன்று ஓடு ஒழுகியது.
நீலக் கிரேயான் தீர்ந்துவிட
ஒன்பதாம் தேதி மழை பச்சையாகப் பெய்தது.
பத்தாம் தேதி வானம் வெளுத்திருந்தும் இரண்டு.
விசாரித்ததில்
நாய் காலைத் தூக்கியது தெரியவந்து
அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி.

பிறகு மூடுபனி இறங்கியது.
ஜன்னலால் உள்ளே வந்து உட்கார்ந்தது.
ஈரப் பலகையில் சாக்பீஸ் வழுக்க
ஏழாம் வாய்ப்பாடு நாற்பத்திரண்டோடு நின்றது.
வெளியே சில்வர் ஓக் ஒவ்வொன்றாக ஆப்சென்ட்.
உள்ளேயும் அப்படித்தான்.
காப்பி பழுத்துவிட்டது,
பதிவேட்டில் ஏழு பெயருக்கு நேரே சுழி.

பாட்டிலும் மூன்று நாளாகச் சுழி.
"தெனம் நனையறோம், சார்ட்டு நனையலைங்குது.
யாரோ பொய் சொல்றாங்க."
"பாட்டில் பொய் சொல்லாது" என்றான் சடையன்.
பவதாரணி ஸ்வெட்டரைக் கழற்றினாள்,
அக்காவுடையது, அவளுக்கு முழங்கால் வரை வரும்.
புனலுக்கு மேலே பிடித்து முறுக்கினாள்.
பழுப்பாக, அடுப்புப் புகை வாசனையோடு
சொட்டியது அரை மணி நேர நடை.
சடையன் படுத்தான்.
"ஒன்பது."
எழுந்து, "செல்லாது" என்றான். "உன்னுது பெரிய ஸ்வெட்டர்."

"அப்போ எல்லாம் ஒரே துணியா இருக்கணும்."
இதைச் சொன்னது ஒன்றாம் வகுப்பு சர்வின்,
மூக்கை அந்தத் துணியில்தான் துடைத்துக்கொண்டிருந்தான்.
பலகை துடைக்கும் துணியை
என்னைக் கேட்காமலே நான்காகக் கிழித்தார்கள்.
கொடிக்கம்பத்தில் ஒன்று. மிளகுக் கொடியில் ஒன்று.
கழிப்பறைக் கதவில் ஒன்று.
எஸ்டேட் வேலிக்கு யார் போவது?
சாயங்காலம் பஸ்ஸுக்கு நான் நின்ற இடத்தில்
பழச் சாக்கோடு இறங்கிவந்த துளசிராமன் கையில்
நான்காவதைத் திணித்தாள்.
பதிவேட்டின் ஏழு சுழிகளில் அவன் மூன்றாவது.

மறுநாள் நான் வரும்போது
வாசலில் நின்றான்,
இடுப்பில் கூடை கட்டியபடி.
"ஆளாளுக்குப் பிழிஞ்சா கணக்கு மாறும் டீச்சர்.
நாலையும் நானே பிழியறேன்."
பழம் உருவி உருவிக் கறுத்த விரல்கள்.
ஒவ்வொரு துணிக்கும் ஐந்து முறுக்கு, எண்ணிக்கொண்டே.
ஒவ்வொன்று முடிந்ததும் பாட்டிலைச் சாய்த்து
தண்ணீரைக் கோட்டுக்குக் கொண்டுவந்தான்.
வேலிதான் ஜெயித்தது, ஏழு.
கதவுக்கு ஒன்றரை.
"காத்து அங்கெ நேரா அடிக்குது" என்று
யாரும் கேட்காததற்குப் பதில் சொல்லிவிட்டு
மேஸ்திரி சத்தம் கேட்டு ஓடினான்.
பத்து நிமிடம் இருந்திருப்பான்.

சார்ட்டில் மழைக்குப் பக்கத்தில்
புதிதாக ஒரு பத்தி, தலைப்பு: துணி.

நான் பதிவேட்டைத் திறந்தேன்.
துளசிராமன்.
பேனா அவன் கட்டத்துக்கு மேலேயே நின்றது.
வெளியே பாட்டிலில் அளவு மறுபடி சுழியம்,
அதன் அடியில்
கழுவின மாதிரி
கூழாங்கற்கள்.